மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் திருச்சிராப்பள்ளிக் காலம்: கல்வியும் பாடம் சொல்லுதலும்

முன்னுரை

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களையும் பல சிற்றிலக்கியங்களையும் இயற்றியவர். எனினும் இலக்கிய வரலாறுகளில் அவர் பெரும்பாலும் உ.வே. சாமிநாதையரின் ஆசிரியராகவே இடம்பெறுகிறார். அவர் நூல்கள் மரபு வழிப்பட்ட செய்யுட்பெருக்கு என்ற அளவில் மதிப்பிடப்படுகின்றன. அவருடைய புலமை உருவான திருச்சிராப்பள்ளிச் சூழலை நோக்கினால் இம்மதிப்பீடு முழுமையுடையதன்று என்பது புலனாகும். பாடம் சொல்லுதலையும் அவருடைய இலக்கியப் பணியாகவே கொள்ளவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்வி தேடல்

திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை சிதம்பரம் பிள்ளையே முதலாசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர் பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். உயர்தமிழ்க் கல்வியை ஓரிடத்தில் முறையாக அளிக்கும் நிறுவனம் அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு நூலில் வல்லவர் ஓரிடத்திலும், மற்றொரு நூலில் வல்லவர் வேறிடத்திலும் இருந்தனர். மலைக்கோட்டையை அடுத்த மௌன மடத்தின் வேலாயுத முனிவரிடம் அவர் பாடங்கேட்டார். தண்டியலங்காரத்தில் தேர்ந்த, பிச்சையேற்று வாழ்ந்த பரதேசி ஒருவரை அணுகி, அவருக்குப் பணிவிடை செய்து அந்நூலைக் கற்றார். ஏடுகளைத் தேடிப் படியெடுத்துக்கொள்வதும் அக்கல்வியின் பகுதியாக இருந்தது. சென்னைக்கும் திருவாவடுதுறைக்கும் சென்று அங்கிருந்த புலவர்களிடம் ஐயம் நீங்கப் பெற்றார்.

படைப்பும் புரவலரும்

திருவரங்கத் தீவிலுள்ள திருவானைக்கா அம்மைமீது பாடிய அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழும் உறையூர்ப் புராணமும் காவிரிக்கரைத் தலங்களோடு அவருக்கிருந்த தொடர்பைக் காட்டுவன. தலபுராணம் பாடுவித்தவர்கள் ஊர்ப்பெருமக்களும் கோயிலைச் சார்ந்தோரும் ஆவர். நூல் நிறைவுற்றதும் அவையோர் முன்னிலையில் அரங்கேற்றம் நிகழும். புலவருக்குச் சன்மானம் கிடைக்கும். இவ்வமைப்பே அவருக்கு வாழ்வளித்தது. எதைப் பாடுவது என்பதையும் பெரிதும் வரையறுத்தது. பாடுபொருள் புரவலரால் அமைந்ததெனினும் நட்பின் பொருட்டு எழுந்த நூலும் உண்டு. கிறித்தவரான வேதநாயகம் பிள்ளையைத் தலைவராகக்கொண்டு அவர் பாடிய குளத்துக்கோவை அத்தகையது.

பாடம் சொல்லுதல்

தாம் அலைந்து பெற்ற கல்வியைத் தம்மை நாடியவர்க்கு ஓரிடத்திலேயே கிடைக்கச் செய்தது பிள்ளையின் தனிச்சிறப்பு. பொருள் பெறாமல் பாடம் சொன்னதோடு மாணவர் பலருக்கு உணவும் உறையுளும் அளித்தார். அவருடைய வறுமைக்கு இக்கொடையும் ஒரு காரணமாகும். சைவ மரபில் ஊன்றி நின்ற அவரிடம் சவேரிராயலு நாயகர் என்னும் கிறித்தவரும் நாகூர் குலாம் காதிறு நாவலர் என்னும் இசுலாமியரும் பயின்றனர். திருச்சிராப்பள்ளிக் காலத்து மாணவர் பூவாளூர்த் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1880இல் அவர் ஓய்வு பெற்றபோது அப்பணி அவர் பரிந்துரையால் சாமிநாதையருக்குக் கிடைத்தது. வீட்டுத் திண்ணையிலும் மடத்திலும் வளர்ந்த பாடமரபு அரசுக் கல்லூரிக்குள் நுழைந்த வழிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

மாணவரை ஏடெழுதச் செய்து செய்யுள் சொல்லிச் செல்வது பிள்ளையின் வழக்கம். சொல் தெரிவு, யாப்பமைதி, பொருட்பொருத்தம் ஆகியவை உருவாகும் நிலையிலேயே மாணவர்க்குப் புலப்பட்டன. எழுதுவதே பாடமாயிற்று.

இம்மரபுக்கு எல்லையும் இருந்தது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என அமைந்த பாடவரிசையில் சீவக சிந்தாமணி இடம்பெறவில்லை. 1880இல் சேலம் இராமசாமி முதலியார் அந்நூலைப் பற்றி வினவியபோதே இக்குறை சாமிநாதையருக்குத் தெளிவாயிற்று. ஆயினும் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிக்க அவருக்குத் துணைநின்ற யாப்புப் பயிற்சியும் ஏட்டுப் பழக்கமும் பிள்ளையிடம் பெற்றவை. நூல் புதிது, கற்கும் முறை பழையது.

முடிவுரை

பிள்ளையைத் தலபுராணங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது அவருடைய புரவலர் சூழலை அளப்பதாகவே முடியும். சிதறிக்கிடந்த கல்வியைத் திரட்டி, சமய வேறுபாடின்றி அடுத்த தலைமுறைக்கு அளித்தவர் அவர். பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாற்றைக் கும்பகோணத்திலிருந்து தொடங்குவது வழக்கு. அதன் முற்பகுதி திருச்சிராப்பள்ளியில் எழுதப்படவேண்டும்.