நானோ ரோபோ எங்கே?

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். "நானோ, நானோ என்று அவ்வளவு பேசினார்களே, என்ன ஆயிற்று?" என்று கேட்டீர்கள். ஆர அமரச் சொல்ல வேண்டிய கதை.

1986இல் எரிக் டிரெக்ஸ்லர் 'எஞ்ஜின்ஸ் ஆஃப் கிரியேஷன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி எதையும் செய்துவிடும் நுண்ணிய இயந்திரங்கள் வரும், அவை உடம்புக்குள் போய்ச் செல்களையே பழுதுபார்க்கும் என்றார். 1989இல் ஐபிஎம் விஞ்ஞானி டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை நகர்த்தி நிறுவனத்தின் பெயரை எழுதிக் காட்டினார். கனவு கைக்கு எட்டிவிட்டது போல் இருந்தது. ஆனால் அது மைனஸ் 269 டிகிரிக் குளிரில் நடந்த வேலை. நம் உடம்புச் சூட்டில் அணுக்கள் ஓரிடத்தில் சும்மா இருப்பதில்லை.

டிரெக்ஸ்லரை வெளிப்படையாக மறுத்தவர், 1996இல் வேதியியல் நோபல் பெற்ற ரிச்சர்ட் ஸ்மாலி. அணுவை எடுக்கப் போகும் விரலும் அணுக்களால் ஆனதுதானே. அது தடியாக இருக்கும், எடுத்த அணு அதில் ஒட்டிக்கொள்ளும் என்றார். பலாப்பழம் அறுத்த கையால் கடுகைப் பொறுக்கி அடுக்கிப் பாருங்கள், அவர் சொன்னது புரியும். அந்த இயந்திரம் இன்றுவரை வரவில்லை.

வந்தவை துகள்கள். டிவித் திரைக்கு நிறம் கூட்டும் குவாண்டம் புள்ளிகளுக்கு 2023இல் நோபலே கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது எம்ஆர்என்ஏ தடுப்பூசி. (நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் இந்த வகையல்ல, ஃபைசர், மாடர்னா ஊசிகள் இந்த வகை.) எம்ஆர்என்ஏ என்பது 'இந்தப் புரதத்தைச் செய்' என்று செல்லுக்குச் சொல்லும் இழை. அப்படியே ஏற்றினால் உடம்பின் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். அதனால் கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். உருண்டை சுமார் 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறத்தாழ 800 உருண்டைகளை வரிசையாக வைக்கலாம்.

அந்தக் கொழுப்பில்தான் சூட்சுமம். வெளியே இருக்கும்போது அதில் மின்னேற்றம் அநேகமாக இல்லை. வழியில் தொந்தரவு தராது. செல் அதை ஒரு பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலம் கூடுகிறது. அமிலம் பட்டதும் கொழுப்பு நேர்மின்னேற்றம் பெற்று, பையின் சவ்வைக் குலைத்து, உள்ளே இருக்கும் சரக்கை இறக்கிவிடுகிறது. கையும் இல்லை, சக்கரமும் இல்லை.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1960களில் அலெக் பாங்கம் கொழுப்புக் குமிழிகளை ஆராய்ந்தார். 1995இல் டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து, 2018இல் பாடிசிரான் என்ற மருந்து, 2020இல் தடுப்பூசி. ரோபோவைப் பேசிய அளவுக்கு இந்தக் கொழுப்பு வேலையை யாரும் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கடையில் 'நானோ' என்று அச்சடித்த பெட்டியை யாராவது நீட்டினால், உள்ளே இருப்பது எந்தத் துகள், அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.