வண்ணம் சொல்லும் பொருள்

செய்யுள் ஒன்றைப் படிக்கும்போது அதன் தெளிவுரையை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகிறது. செய்யுளின் பொருள் நம் மனத்தில் நிலைத்திருக்க ஒரு வழி உண்டு. நம்மைக் கவர்ந்த அடிகளை ஓவியமாக வரைந்து பார்ப்பதே அவ்வழி.

குறுந்தொகையின் 40ஆவது பாடலை எடுத்துக்கொள்வோம். முன்பின் உறவில்லாத இருவர் அன்பால் இணைந்ததைத் தலைவன் வியந்து பேசுகிறான். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல இருவர் நெஞ்சமும் கலந்துவிட்டன என்கிறான். இந்த உவமையாலேயே இப்பாடலைப் பாடியவர் செம்புலப் பெயனீரார் எனப் பெயர் பெற்றார்.

இதனை எப்படி வரைவது? இருவர் அருகருகே நிற்பதுபோல் வரைந்தால் நெருக்கம் தெரியும், கலப்பு தெரியாது. மாறாக, சிவப்பு நீர்வண்ணத்தின்மீது ஒரு துளித் தூய நீரை விட்டுப் பாருங்கள். நிறமற்ற நீர் நொடியில் சிவந்துவிடும். அதனைத் தூரிகையால் மீண்டும் பிரித்தெடுக்க முடியாது. புலவர் ஏன் மழைநீரையும் செம்மண்ணையும் தேர்ந்தெடுத்தார் என்பது அப்போது விளங்கும்.

சிலப்பதிகாரத்திலும் வண்ணம் முக்கியமானது. கண்ணகி சிலம்பை உடைக்கும் காட்சியை வரைபவர், தெறிக்கும் பரல்களுக்கு எந்த வண்ணம் தீட்டுவது என்று முடிவுசெய்ய வேண்டும். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். கோவலன் கள்வன் அல்லன் என்பதை மெய்ப்பித்தவை அந்தச் சிவந்த பரல்களே. அவற்றுக்கு வெள்ளை வண்ணம் தீட்டினால் கதையின் நீதியே மாறிவிடும்.

இம்முயற்சிக்கு ஓவியத் திறமை தேவையில்லை; கூர்ந்து படிக்கும் பழக்கமே தேவை. முதலில், அடிகளில் உள்ள பொருள்களையும் நிறங்களையும் பட்டியலிடுங்கள். அடுத்து, எதைப் பெரிதாகக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவுசெய்யுங்கள். வரைந்து முடித்தபின், அவ்வாறு வரைந்ததற்கான காரணத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். பிறகு, நண்பரின் ஓவியத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால், எது சரி என்று வாதிடுவதைவிடச் செய்யுளை மீண்டும் படித்துச் சான்று தேடுவது நன்று. அவ்வாறு தேடிக் கண்ட பொருள், பிறர் சொல்லித் தந்த தெளிவுரையைவிட நெடுங்காலம் நம்முடன் இருக்கும்.