மிட்டாய் நகையும் மழைக்காற்றும்

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் சாலையோரப் பெட்டிக்கடைகளில் கண்ணாடிப் பரணிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் நாரங்கா மிட்டாய், இன்னொன்றில் பல நிறச் சீரக மிட்டாய், பக்கத்தில் கல்கண்டு. வெயில் படும்போது மூன்றும் கல் பதித்த நகை மாதிரி மின்னும். இவற்றைக் கோத்துக் காதிலோ கழுத்திலோ போட முடியுமா? முடியும். ஆனால் தொடங்குவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் போட்டுவிட்டுத் தின்னும் நகையா, பல வருடம் வைத்திருக்கும் நகையா? இரண்டுக்கும் செய்முறை வேறு வேறு.

ஒரு நாள் நகையை மகாராஷ்டிரத்தார் நன்றாகவே செய்கிறார்கள். நாம் பொங்கல் கொண்டாடும் அதே ஜனவரி நடுவில் அங்கே சங்கராந்தி. கல்யாணமாகி வரும் முதல் சங்கராந்திக்குப் புதுப்பெண்ணுக்குக் கறுப்புச் சேலை உடுத்தி, உச்சி முதல் இடுப்பு வரை சர்க்கரை நகை பூட்டுவார்கள். தாலி, மூக்குத்தி, வங்கி, ஒட்டியாணம், நெற்றிப்பட்டம் எல்லாமே வெள்ளைச் சர்க்கரை மணிகள்தான். குழந்தைகளுக்கும் இது உண்டு. கிரீடமும் புல்லாங்குழலுமாகக் கண்ணன் வேடம் போட்டு உட்காரவைத்து, தலையில் இலந்தைப்பழமும் மிட்டாயும் கொட்டுவார்கள். இந்த நகைக்கு அங்கே ஹல்வா நகை என்று பெயர். நம் அல்வா வேறு, இது வேறு.

அந்த மணியைச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். எள், கசகசா, ஜவ்வரிசி இவற்றில் ஒன்றை அகலமான தட்டில் இளஞ்சூட்டில் வைத்து, சர்க்கரைப் பாகைக் கரண்டி கரண்டியாக விட்டு, விரலாலேயே புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய படலம் காய்ந்து ஏறும். நாள் கணக்கில் இப்படிப் புரட்டினால் எள் பெருத்து, மேலே சின்னச் சின்ன முள்ளாகச் சர்க்கரை நிற்கும். இந்த முள்ளால் நகைக்கு ஒரு வசதி. நூலைச் சுருக்குப் போட்டு இறுக்கினால் வழுக்காது, துளை போட வேண்டியதே இல்லை. இப்போது பலர் அட்டையில் ஜரிகை ஒட்டி அதன்மேல் மணிகளைப் பதித்துவிடுகிறார்கள். நம் கடைச் சீரக மிட்டாயும் நடுவில் ஒரு விதையை வைத்துப் பாகைப் படலம் படலமாக ஏற்றிச் செய்வதுதான். ஆகவே இந்த நகைக்கு வேண்டிய மணி ஏற்கெனவே நம் பரணியில் இருக்கிறது.

அங்கே ஜனவரிக் காற்று உலர்ந்தது. நம் பக்கம் அப்படியில்லை. கடல் அருகில், ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகை காட்டிக் காத்த வீடுகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இனிப்புக்கு எதிரி ஈரம். மிட்டாய் நகை செய்வதில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

எல்லா மிட்டாயும் ஒரே மாதிரி ஈரம் இழுப்பதில்லை. கல்கண்டிலும் சீரக மிட்டாயின் மேல்தோலிலும் சர்க்கரை படிகமாக இருக்கிறது. படிகத்தில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்பதால் நீர் புக இடம் குறைவு. தூய சர்க்கரைப் படிகம், காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டும் வரை கரையத் தொடங்காது. பாகை 150 டிகிரி அளவுக்குக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த, ஒளி ஊடுருவும் மிட்டாய்களின் கதை வேறு. அவற்றில் சர்க்கரை அடுக்கு சேராமல் கண்ணாடிபோல உறைந்து நிற்கிறது. ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தாலே போதும், மேற்பரப்பு நீரை இழுத்துப் பிசுபிசுக்கும். இந்த வகை மிட்டாய்கள் மேல் பொடிச் சர்க்கரை தூவுவது ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத்தான். பார்க்க அழகாக இருப்பது கண்ணாடி வகை, நிலைத்து நிற்பது படிக வகை. முதல் முறை செய்பவர்கள் படிகத்தில் தொடங்குவதே நல்லது என்பேன். எள்ளுருண்டை, கடலை மிட்டாய் வேண்டாம். எண்ணெய் கசிந்து எந்தப் பூச்சையும் பிடிக்கவிடாது. தேன் மிட்டாய்க்குள் பாகு இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

படிகத்தை வீட்டிலேயே வளர்க்கலாம், அதுவும் நூலோடு சேர்த்தே. பனங்கற்கண்டு விளைவதும் இப்படித்தான். அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிப் பாகாக்கி, நூல் தொங்கவிட்ட பாத்திரத்தில் ஊற்றி, வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலைச் சுற்றிக் கட்டி கட்டியாகக் கல் பிடிக்கும். வீட்டுச் சர்க்கரையில் செய்ய ஒரு வாரம் போதும். ஒரு தம்ளர் தண்ணீருக்கு மூன்று தம்ளர் சர்க்கரை. கொதிக்கும் 100 மில்லி நீர் ஏறக்குறைய 480 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். ஆறி 20 டிகிரிக்கு வந்தால் 200 கிராமைத்தான் தாங்கும். மிச்சம் எங்காவது படிந்தாக வேண்டும். அது நூலில் படியும்படி வழி செய்து கொடுப்பதுதான் நம் வேலை. பருத்தி நூலை நனைத்துச் சர்க்கரையில் புரட்டி, நன்றாகக் காயவைத்து, ஆறிய பாகில் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். மேலே மெல்லிய துணி மூடுங்கள். கிளறாதீர்கள், பாத்திரத்தை நகர்த்தாதீர்கள். எலுமிச்சை ஒரு சொட்டும் விழக் கூடாது. புளிப்பு சர்க்கரையை உடைத்துவிடும், உடைந்த சர்க்கரை படிகமாகாது. பனையேறிகள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது அக்கானி புளிக்காமலிருக்க. கற்கண்டு விளைவதற்கும் அந்தச் சுண்ணாம்பே துணை.

இந்த நகையைத் தின்னப்போவதில்லை, வைத்திருக்கத்தான் போகிறோம் என்றால், அடுத்தது பூச்சு. பலர் கைக்கு எட்டும் வெள்ளைப் பசையை எடுத்துத் தடவிவிடுவார்கள். அதில் தண்ணீர் இருக்கிறது. காய்வதற்குள் சர்க்கரையைக் கரைத்து, நிறத்தையும் வழியவிட்டுவிடும். தண்ணீர் சேராத பூச்சுதான் வேண்டும். தச்சர்கள் மரத்துக்குப் போடும் பிரெஞ்சு பாலிஷ் இதற்கு நன்றாகப் பொருந்தும். அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. ஸ்பிரிட்டில் சர்க்கரை கிட்டத்தட்டக் கரையாது. உண்ணத்தகுந்த முறையில் சுத்திகரித்த அரக்கைத்தான் மிட்டாய் ஆலைகளும் பளபளப்புக்காக மேலே பூசுகின்றன. தச்சரின் பாலிஷ் உண்ணத்தகாதது, நச்சு. இதை மறக்கவே கூடாது. நிறமில்லாத நெயில் பாலிஷும் சின்ன வேலைக்குப் போதும்.

பூசுவதற்கு முன் மிட்டாயைக் காயவைக்க வேண்டும். வெயில் வேண்டாம், கண்ணாடி வகை இளகிவிடும். இறுக மூடும் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இரண்டு நாள் வையுங்கள். அது இல்லையென்றால் வறுத்து ஆறவைத்த அரிசி. பிறகு மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அடிப்பக்கத்தையும் கொக்கி நுழையும் இடத்தையும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஊசிமுனை அளவு இடம் போதும், ஈரம் அதன் வழியே உள்ளே போய்விடும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் எபாக்சி ரெசினில் பதிக்கலாம். ரெசின், கடினமாக்கும் திரவம் இரண்டையும் டப்பாவில் எழுதியிருக்கும் அளவுப்படியே கலக்க வேண்டும், கண்ணளவு உதவாது. கையுறை போட்டு, சன்னல் திறந்து வைத்துச் செய்யுங்கள். இது இறுகும்போது சூடாகும். அச்சு நிறைய ஒரேயடியாக ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே மிட்டாய் இளகிக் குமிழி விடும். அரக்குப் பூசிய மிட்டாயை வைத்து, சில மில்லிமீட்டர் கனத்தில் படலம் படலமாக ஊற்றுங்கள். மழை நாளில் செய்தால் மேலே பால் படர்ந்தாற்போல மங்கும். நம் ஊரில் ஜனவரி முதல் மார்ச் வரை, நண்பகல் நேரம்தான் இதற்குத் தோது.

மிட்டாயைத் துளைக்க முயலாதீர்கள், பிளந்துவிடும். மெல்லிய கம்பியைச் சுற்றிக் கூடுபோலப் பின்னிக் கொக்கி மாட்டலாம். ரெசினில் பதித்ததென்றால் ஓரத்து ரெசினில் மட்டும் துளையிடுங்கள். கழுத்து மாலையும் வளையலும் எப்போதும் வியர்வையில் நனையும். கம்மல், கொண்டை ஊசி, சேலைக் குத்து இவை தோலை அதிகம் தொடாததால் நெடுநாள் உழைக்கும். சீரக மிட்டாய் கனமும் இல்லை, காது தாங்கும்.

பூச்சு ஏறிய பிறகு அது மிட்டாய் அல்ல. ஆனால் குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்தான். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். குழந்தைக்கே போடுவதென்றால் பூச்சில்லாத ஒரு நாள் நகை மட்டும். அதையும் தொண்டையில் சிக்கும் அளவில் செய்யாமல், பெரியவர் ஒருவர் கூடவே இருந்து, படம் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். எறும்பு வராமலிருக்க, பூச்சில்லாததை மூடிய டப்பாவில் வைத்து, டப்பாவை ஒரு தட்டு நீரின் நடுவில் கல்மேல் நிறுத்தலாம்.

ரெசினுக்குள் வெண்மையாக ஒரு புள்ளி தெரிந்தால் எங்கோ ஈரம் புகத் தொடங்கியிருக்கிறது. உடனே டப்பாவில் போட்டு உலர்த்தி, கொக்கியின் அடியைச் சுற்றி மறுபடி ரெசின் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும். பாகாகக் கசியத் தொடங்கிய நகையைக் காப்பாற்ற முடியாது. கம்பியையும் கொக்கியையும் கழற்றி வெந்நீரில் கழுவி வையுங்கள். அடுத்த தையில் செய்யும் நகைக்கு ஆகும்.