குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு: பயப்பட வேண்டியது எதற்கு?

லண்டனில் ஈஸ்ற்ஹாம், மனோர்பார்க், வெம்பிளி, ஹரோ, ரூட்டிங் என்று எம்மவர் செறிந்து வாழும் எந்தப் பகுதியிலும் கேத்திலைத் திறந்து பார்த்தால் அடியில் வெள்ளைப் படிவு தெரியும். தேநீரின் மேல் மெல்லிய ஆடை மிதக்கும். கழுவி வைத்த கிளாசில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். "கேத்திலுக்குள்ளேயே இப்படிப் படிகிறதென்றால் எங்கள் சிறுநீரகத்தில் படியாதா?" என்று கேட்பவர்கள் எம்மிடையே பலர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல.

இந்தப் பயத்தால் சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் பாலையும் தயிரையும் ஒதுக்குகிறார்கள். இன்னும் சிலர் கிழமைதோறும் போத்தல் தண்ணீரைச் சுமந்து வருகிறார்கள். இவற்றில் எது அவசியம், எது தீங்கு என்பதை இம்முறை பார்ப்போம்.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்று அமிலத்தன்மை பெறுகிறது. லண்டனுக்கு நீர் தரும் தேம்ஸ், லீ ஆகிய ஆறுகள் சுண்ணக்கல்லும் சோக்குப் பாறையும் நிறைந்த நிலத்தினூடாக வருகின்றன. அந்தப் பாறையிலிருந்து கல்சியமும் மக்னீசியமும் நீரில் கரைகின்றன. இத்தகைய நீரைத்தான் பாடசாலையில் 'வன்னீர்' என்று படித்தோம். ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்று அளவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது வன்னீர். லண்டனின் பெரும்பகுதியில் இது 200ஐத் தாண்டுகிறது. கிளாஸ்கோவுக்கு லொக் கற்றின் ஏரியிலிருந்து வரும் தண்ணீரோ மென்னீர். அங்குள்ள உறவினர் வீட்டில் சவர்க்காரம் இலகுவாக நுரைப்பது இதனால்தான்.

தண்ணீர் கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிப் படிகிறது. கேத்திலில் இது நடக்க உயர்ந்த வெப்பம் காரணம். எமது உடலுக்குள் அந்த வெப்பம் இல்லை. ஆகவே கேத்திலில் நடப்பது சிறுநீரகத்திலும் நடக்கும் என்று கொள்வது சரியல்ல.

அப்படியானால் சிறுநீரகக் கல்?

பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒக்சலேற்றால் ஆனவை என்பது உண்மை. ஆனால் உணவிலும் நீரிலும் வரும் கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து மலத்துடன் வெளியேற்ற உதவுகிறது. கல்சியத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் அந்த ஒக்சலேற்று இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. 45,000க்கும் மேற்பட்ட ஆண்களை நான்கு ஆண்டுகள் கவனித்து 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உணவில் அதிக கல்சியம் எடுத்தவர்களுக்கே கல் குறைவாக உண்டானது.

கல் உண்டாவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று போதிய தண்ணீர் குடிக்காமையே. சிறுநீர் தடித்து மஞ்சளாகும்போது உப்புகள் திரள்கின்றன. கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் நீண்ட நேரம் நின்று வேலை செய்வோர், அடிக்கடி எழும்ப வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்க்கும் முதியோர், குளிர்காலத்தில் தாகமே எடுப்பதில்லை என்போர் இதைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை கல் வந்த பெரியவர்களுக்கு இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் இதுதான்: நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர் தண்ணீர், அதில் சிறிது தேசிக்காய்ச் சாறு, உப்பு 6 கிராமுக்கு மேற்படாமை, கல்சியத்தைக் குறைக்காமை. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தங்கள் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

வன்னீர் குடிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் கருதிய உச்ச அளவு எதையும் விதிக்கவில்லை. லண்டன் குழாய்த் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் கல்சியம் கிடைக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான 700 மில்லிகிராமில் அது ஒரு பங்கு.

போத்தல் தண்ணீர் மாற்றாகுமா?

போத்தலின் முகப்புச் சீட்டை வாசித்துப் பாருங்கள். பெயர்பெற்ற எவியான் தண்ணீரில் லீற்றருக்கு 80 மில்லிகிராம் கல்சியமும் 26 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது லண்டன் குழாய்த் தண்ணீரைப் போன்ற வன்னீரே. சுண்ணாம்புக்குப் பயந்து காசு கொடுத்துச் சுண்ணாம்பையே வாங்குகிறோம்!

மென்னீராக்கும் கருவி வைத்திருப்போர் கவனிக்க

உப்புப் போட்டு இயக்கும் கருவி கல்சியத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் சோடியத்தை விடுகிறது. லண்டன் நீரில் இது லீற்றருக்குச் சுமார் 120 மில்லிகிராம் சோடியத்தைச் சேர்க்கலாம். குளிக்கவும் துணி துவைக்கவும் இந்த நீர் நல்லது. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் கருவியோடு இணைக்காத ஒரு குழாயைச் சமையலறையில் வைத்திருங்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். 1970க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய்கள் இருக்கக்கூடும். மென்னீர் ஈயத்தைக் கூடுதலாகக் கரைக்கும் என்பதும் ஒரு காரணம்.

கைக்குழந்தையின் பால்மாவைக் கரைக்க மென்னீராக்கிய நீரும் வேண்டாம், போத்தல் நீரும் வேண்டாம். சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் புதிதாகப் பிடித்துக் கொதிக்க வைத்து, அரை மணித்தியாலத்துக்குள், 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் கரையுங்கள். பின்னர் பால் ஆறிய பிறகு கொடுங்கள்.

பிள்ளைகளின் தோல்

வன்னீர் உண்மையிலேயே தொல்லை தரக்கூடிய இடம் இது. வன்னீர்ப் பகுதிகளில் வாழும் மூன்று மாதக் குழந்தைகளிடம் எக்சிமா கூடுதலாகக் காணப்படுவதை 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. வன்னீரில் சவர்க்காரம் முழுவதும் கழுவுப்படாமல் தோலில் தங்குவது ஒரு காரணமாகலாம். ஆனால் ஏற்கனவே எக்சிமா உள்ள 336 பிள்ளைகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட பரிசோதனையில், வீட்டில் மென்னீராக்கும் கருவி பூட்டியதால் நோய் மேலதிகமாகக் குறையவில்லை. எனவே பெருந்தொகை செலவழிக்க முன், சவர்க்காரத்தைக் குறைத்து, இளஞ்சூட்டு நீரில் குறுகிய நேரம் குளிக்கவார்த்து, உடனே ஈரப்பசைக் களிம்பு பூசிப் பாருங்கள். வைத்தியரிடமும் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. கேத்தில்: வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் விட்டு ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஒருமுறை தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டுப் பாவியுங்கள். வினாகிரியைப் பிளீச்சுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.

2. தேநீர்: மேலே படரும் ஆடை, கல்சியமும் தேயிலைச் சாயமும் சேர்ந்து உண்டாவது. சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் ஆடை படராது. பால் தேநீர் குடிப்போர் வடிகட்டிச் சாடித் தண்ணீரைப் பாவிக்கலாம்.

3. பருப்பு, கடலை: வன்னீரில் தாமதமாகவே வேகும். கொதித்து ஆறி, படிவு அடங்கிய தண்ணீரில் ஊறவைத்து அவித்தால் விரைவில் மசியும். புளியைக் கடைசியில் சேருங்கள்.

4. துணி துவைக்கும் தூள்: வன்னீருக்கும் மென்னீருக்கும் தனித்தனி அளவு பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். பார்த்துப் போடுங்கள்.

5. ஷவர் தலை: படிவுக்குள் கிருமிகள் தங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஊருக்குப் போய்வந்தால் முதலில் சில நிமிடங்கள் தண்ணீரைத் திறந்து ஓடவிட்டு, தூவானம் முகத்தில் படாமல் விலகி நில்லுங்கள்.

உங்கள் வீதியின் நீர் எவ்வளவு வன்மையானது என்பதை அறிய, நீர் வழங்கும் நிறுவனத்திடம் தபால் குறியீட்டைக் கொடுத்தால் போதும்.

கேத்திலின் வெள்ளைப் படிவைக் கண்டு தண்ணீர்க் கோப்பையை ஒதுக்க வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்கள் இன்று எத்தனை கோப்பை குடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விலாவிலோ முதுகின் ஒரு பக்கத்திலோ கடும் வலி, சிறுநீரில் இரத்தம், காய்ச்சல் இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியரை நாடுங்கள்.