வேளையும் உமரியும்: நெய்தற் கரையின் அடகுணவு பற்றி ஒரு குறிப்பு

மணப்பாட்டின் வடபால், கருமேனியாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தை அடுத்து, மணல்மேட்டில் ஒன்றும் உவர்பூத்த தாழ்நிலத்தில் ஒன்றுமாக இருவகைப் பசுமையைக் காண்கின்றோம். மணலிற் படர்வது அடும்பு. அதன் கவர்த்த இலையைக் குறுந்தொகை மானடியோடு ஒப்பிட்டமை புலவர் அறிந்ததே. தாழ்நிலத்தில் தடித்த சிற்றிலைகளோடு, வெயில் முதிருங்கால் செந்நிறம் விரவி நிற்பது உமரி. அடும்பு கண்ணுக்கு விருந்து. உமரி வயிற்றுக்கு உதவுவது. எனினும் பாட்டில் அடும்பு பெற்ற இடம் உமரிக்கு வாய்த்திலது.

கீரையைப் பண்டையோர் அடகு என்றனர். சங்க இலக்கியத்தில் அடகு வறுமையின் அடையாளம் என்று கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதற்குக் காரணமாயவை இரண்டு காட்சிகள். சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். புறநானூற்று 159 ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனாரின் மனையாள், குப்பைக் கீரையின் முற்றாத் தளிரைக் கொய்து, உப்பும் மோரும் இன்றி அவித்து உண்கின்றாள். இவ்விரண்டையும் மட்டும் கண்டார்க்குக் கீரையே வறுமை எனத் தோன்றுதல் இயல்பு.

ஆயின் அதே வேளை பிறிதோரிடத்தில் வேறு முகம் காட்டுகின்றது. புறநானூறு 215 இல் கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பிசிராந்தையாரின் பாண்டி நாட்டைச் சிறப்பிக்குங்கால், ஆய்மகள் வேளையின் வெண்பூவைத் தயிரிற் கலந்து சமைத்த புளித்த மிதவையையும் வரகுச் சோற்றையும் கூறி, அவரை கொய்வோர் அதனை நிறைய உண்பதாகப் பாடுகின்றான். ஈண்டு வறுமையின் சாயலும் இல்லை. 246 ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பின் கடுமையை எடுத்துரைக்கின்றாள். அங்கும் வேளை வருகின்றது. ஆனால் அந்நோன்புணவிலும் எள்ளின் விழுதும் புளியும் உள; விலக்கப்பட்டது நெய்யே. ஆகவே குறை கீரையில் இல்லை. கீரையொடு சேரவேண்டிய பொருளின் இன்மையிலேயே உள்ளது. கிணைமகள் கதவடைத்தது வேளை உண்டதற்காக அன்று, உப்பில்லாது உண்டதற்காகவே என்பது நம் கருத்து.

இனி, வேளை எது என்பதும் தெளிதற்குரியது. நல்வேளை, தைவேளை எனப்படுவது வெண்ணிறப் பூவினது. நாய்வேளை மஞ்சட் பூவினது. 215 ஆம் பாட்டேயன்றி, பெண்மான் வேளையைக் கறிக்கும் 23 ஆம் பாட்டும் பூ வெண்மை என்றே கூறுதலின், புலவர் கருதியது நல்வேளையே. இதன் இலை கடுகுபோற் காரமும் கைப்பும் உடையது. தயிரும் புளியும் சுவைக்காக மட்டும் சேர்ந்தன அல்ல. கைப்பை அடக்கவும் சேர்ந்தன. மேலைக் கெனியாவில் லுவோ மக்கள் இதே செடியைப் பால் சேர்த்துச் சமைக்கின்றனர். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டு அடுக்களைகள் ஒரே வழியைக் கண்டமை வியப்பன்று; செடியின் இயல்பு அவ்வழியைக் காட்டிற்று.

உப்பில்லாமையே உள்நாட்டு வறுமையின் குறி எனின், நெய்தற் கரையில் அக்குறி தலைகீழாகின்றது. உமரி உப்பைத் தன் இலையிலேயே தேக்கி வைத்துள்ள செடி. அதனைச் சமைப்பார் உப்பிட வேண்டுவதில்லை. உப்பை நீக்குவதே வேலை. மழைக்குப்பின் தளிர்க்கும் இளங்கொழுந்தையே கொய்து, வேகவைத்து, நீரை வடித்துப் பிழிந்து, பின்னரே பருப்போடோ தேங்காயோடோ கூட்டுவர். வடித்தலை ஒருமுறையோடு நிறுத்துவதா, மறுமுறையும் செய்வதா என்பதை நாவே முடிவு செய்யும்.

இச்செடி பஞ்சத்திற் செய்த உதவிக்குச் சான்று வடகரையிலிருந்து கிடைக்கின்றது. வட சர்க்கார்ப் பகுதியிற் சாமல்கோட்டையில் இருந்து தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்சுபரோ, 1791 முதல் 1793 வரை நிகழ்ந்த பஞ்சத்தில் உமரி இனத்துச் செடி ஒன்றன் இலை மட்டுமே கடலோர ஏழைகள் பல்லாயிரவரின் உயிரைக் காத்தது என்று எழுதியுள்ளார். அவர்கட்கு உப்பு இருந்தது, சோறுதான் இல்லை.

உமரி ஊர்ப்பெயரிலும் நிற்கின்றது. தாமிரபரணிக் கரையில் ஏரலை அடுத்து உமரிக்காடு என்னும் ஊர் உளது. அது இன்று கடலினின்று விலகி நெல்லும் வாழையும் விளையும் பகுதியில் இருக்கின்றது. அண்மையிலுள்ள கொற்கையும் ஒருகாலத்திற் கடற்றுறையாயிருந்து இன்று உள்நாட்டூராய்விட்டது. இப்பெயர் செடியாற் பெற்றதே எனின், அவ்வயல்களின் கீழ்ப் பழைய உவர்நிலம் ஒன்று புதைந்துள்ளது போலும். மண்ணை ஆராய்வார் இதனைத் தீர்க்கலாம்.

இன்று உவர்நிலத்தின் பெரும்பகுதி உப்பளமாயிற்று. எஞ்சியதிற் சீமைக்கருவேல் ஏறிவருகின்றது. உவர்நிலச் செடிகள் உப்போடு கன உலோகங்களையும் உறிஞ்சவல்லன ஆதலின், ஆலைக் கழிவு சேரும் இடத்துக் கீரையைக் கொய்தல் தகாது. அகராதி தொகுப்பார்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். உமரி என்னும் பெயர் ஒரு செடிக்கே உரியதன்று. தடித்த இலையுடையதும், இலையின்றிக் கணுக்கணுவாய்த் தண்டே பசுத்து நிற்பதுமாகிய இரண்டையும் கரையோர் அப்பெயராலேயே வழங்குகின்றனர். 'ஒருவகைப் பூண்டு' என்று பொருள் எழுதுவது இவ்விரண்டில் எதனையும் காட்டாது.