துப்பாக்கிக்கும் பெட்டிக்கும் பொருத்தம் உண்டா?

வெறும் அட்டைப் பெட்டிக்கும் விலை! அமெரிக்காவில் நடக்கும் விசித்திர சோதனை

கல்யாணம் என்றால் ஜாதகப் பொருத்தம் பார்ப்பார்கள். அமெரிக்காவில் துப்பாக்கிக்கும் அது வந்த அட்டைப் பெட்டிக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள்!

இது வேடிக்கை அல்ல. பணம் சம்பந்தப்பட்ட காரியம்.

பழைய துப்பாக்கிகளைச் சேகரித்து வைப்பவர்கள் அங்கே ஏராளம். துப்பாக்கி மட்டும் இருந்தால் ஒரு விலை. அது விற்பனைக்கு வந்தபோது இருந்த அதே பெட்டி, அதே உபயோகக் குறிப்பு, அதே ரசீது எல்லாம் சேர்ந்து இருந்தால் விலை மிகவும் கூடும். காலிப் பெட்டியைக்கூடத் தனியாக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

வினையே அங்கேதான் ஆரம்பம். ஒரு துப்பாக்கியை ஓர் இடத்தில் வாங்கி, பெட்டியை வேறு இடத்தில் வாங்கி, இரண்டையும் ஒன்றுசேர்த்து, "பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருப்பவை" என்று விற்பவர்கள் உண்டு. பழைய பெட்டியைப் போலவே புதிதாக அச்சடிப்பவர்களும் உண்டு. நம்பி வாங்குகிறவர் பல ஆண்டு சேமிப்பைப் பறிகொடுக்கிறார்.

அசலையும் ஜோடிப்பையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

அடியில் ஒரு நம்பர்

முதலில் நம்பரைப் பார்க்கிறார்கள். துப்பாக்கியின் உடலில் அதன் நம்பர் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பெட்டிகள் பலவற்றில் அதே நம்பர் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அல்லது ஓரத்துச் சீட்டில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பென்சில் எழுத்தை அழித்து வேறு நம்பர் எழுதிவிடலாமே? எழுதலாம். ஆனால் ரப்பர் தேய்த்த இடத்தில் காகிதம் நைந்து, நார் கிளம்பி நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்து, சீட்டில் உள்ள விவரம். ஆறு அங்குலக் குழல் என்று சீட்டில் இருக்கிறது. உள்ளே இருப்பதோ நாலு அங்குலக் குழல். இப்படி இருந்தால் பொருத்தம் இல்லை!

காலம் காட்டிக் கொடுக்கும்

நம்பரை மாற்றலாம். காலத்தை மாற்றுவது கடினம்.

அமெரிக்காவில் 'ஜிப் கோடு' என்ற ஐந்து இலக்கத் தபால் எண் 1963ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. 1955இல் விற்ற துப்பாக்கியுடன் இருக்கும் காகிதத்தில் கம்பெனி விலாசத்தோடு ஜிப் கோடும் அச்சாகியிருந்தால் என்ன அர்த்தம்? அந்தக் காகிதம் பிறகு வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

இன்னோர் உதாரணம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் புகழ்பெற்ற 'ஸ்மித் அண்டு வெஸ்ஸன்' கம்பெனி, 1957இல்தான் தன் துப்பாக்கிகளுக்கு மாடல் நம்பர் கொடுக்க ஆரம்பித்தது. 1955இல் 'காம்பாட் மாக்னம்' என்ற பெயரில் வந்த ரிவால்வர், அதன்பிறகே 'மாடல் 19' ஆயிற்று. 1955இல் விற்ற ரிவால்வர் 'மாடல் 19' என்று அச்சிட்ட பெட்டியில் இருந்தால் சந்தேகப்படவேண்டியதுதான்.

காகிதமும் பேசும். ஊதா கடந்த ஒளி விளக்கில் புதுக் காகிதம் பளீரென்று நீலமாக மின்னும். வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனமே காரணம். 1950க்கு முந்திய காகிதம் பெரும்பாலும் இப்படி மின்னாது.

கார்டு போட்டால் சான்றிதழ்

1935இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி, '357 மாக்னம்' ரிவால்வரை வெளியிட்டது. விலை 60 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. முதல் ரிவால்வர், துப்பறியும் இலாகா தலைவர் எட்கர் ஹூவருக்குப் போயிற்று.

இந்த ரிவால்வருக்கு வழக்கமான நம்பரோடு தனிப் பதிவு நம்பரும் உண்டு. வாங்கியவர் ஒரு கார்டைத் தபாலில் அனுப்பினால், கம்பெனி பதிவுச் சான்றிதழ் அனுப்பியது. ஆகவே இன்று சோதிப்பவர்கள், ரிவால்வரின் உள்ளே மறைவாகப் பொறித்துள்ள பதிவு நம்பரையும் சான்றிதழையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கார்டு போட மறந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சான்றிதழ் வரவில்லை. ஆகையால் சான்றிதழ் இல்லை என்பதாலேயே ரிவால்வர் போலி ஆகிவிடாது. பொருந்தாத காகிதத்தைவிடக் காகிதம் இல்லாமல் இருப்பதே மேல்!

கம்பெனிக் கடிதம்

பழைய கம்பெனிகள் சிலவற்றின் கணக்குப் புத்தகங்கள் இன்றும் பத்திரமாக உள்ளன. வின்செஸ்டர் கம்பெனியின் பழைய ஏடுகள், வயோமிங் மாநிலத்தில் கோடி நகரக் காட்சிசாலையில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி நம்பரைச் சொன்னால், ஏட்டில் உள்ள விவரங்களை எழுதிக் கொடுப்பார்கள். கோல்ட் கம்பெனியும் இப்படிக் கடிதம் தருகிறது. எந்தத் தேதியில், எந்தக் கடைக்கு அனுப்பினார்கள் என்பது தெரியவரும்.

இந்தத் தேதி முக்கியம். செய்த துப்பாக்கி சில சமயம் நெடுநாள் கிடங்கிலேயே கிடந்து, பிறகு புதுப் பெட்டியில் புறப்பட்டிருக்கலாம். அவசரப்பட்டுப் போலி என்று சொல்லிவிடக்கூடாது.

ஆனால் கடிதம் சொல்வது அந்த நம்பரின் கதையைத்தான். கையில் உள்ள துப்பாக்கியில் அந்த நம்பர் உண்மையாகவே பொறித்ததா, பிறகு திருத்தியதா என்பதைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

60 லட்சம் டாலர்!

பெட்டியே இல்லாமல் பெரும் விலை போன துப்பாக்கியும் உண்டு.

1881இல் 'பில்லி தி கிட்' என்ற பிரபலக் கொள்ளைக்காரனை ஷெரிப் பாட் காரெட் சுட்டுக் கொன்றார். அந்தக் கோல்ட் ரிவால்வரைப் பின்னர் ஒரு மதுக்கடைக்காரரிடம் பார்வைக்கு வைக்கக் கொடுத்திருந்தார். 1908இல் காரெட் கொலையுண்டார். கடைக்காரரும் காலமான பிறகு, காரெட்டின் மனைவி அபோலினாரியா அதைத் திரும்பக் கேட்டு வழக்காடினார். 1930களில் தீர்ப்பு அவர் பக்கம் கிடைத்தது.

அந்த ஏழை விதவையின் வழக்குக் காகிதங்களே பின்னால் துப்பாக்கிக்குச் சாட்சி ஆயின. 2021இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏலம் விட்டபோது, அந்த ரிவால்வர் 60 லட்சம் டாலருக்குமேல் போயிற்று!

பெட்டி பளபளப்பாக இருந்து பயன் இல்லை. நம்பரும் தேதியும் ஒத்துப்போகவேண்டும். அழகான பத்துக் காகிதங்களைவிட, உண்மையான ஒரு காகிதத்துக்கே மதிப்பு அதிகம்.