கண்ணாடிக்குள் உருகும் மெழுகு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கத்தோலிக்கத் தேவாலயங்களில், மாதா சுரூபத்தின் முன்னால், சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடிக் குவளைகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டை மெழுகுவர்த்தி. ஒரு வேண்டுதலை வைத்துவிட்டு ஏற்றிப் போவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அந்தக் குவளையை மேலிருந்து எட்டிப் பார்த்தால் மெழுகுவர்த்தியைக் காணோம். தெளிந்த திரவம், நடுவில் நிமிர்ந்து நிற்கும் திரி, அதன் நுனியில் சுடர், அவ்வளவுதான் இருக்கும்.

இப்படி வேண்டுதலோடு ஏற்றும் நேர்ச்சை மெழுகுவர்த்தியை மற்றவற்றிலிருந்து பிரிப்பது, முழுவதும் உருகிவிடும் இந்தக் குணம்தான். உயரம் ஏறக்குறைய 5 செ.மீ., குறுக்களவு 4 செ.மீ. என்று அளவை வைத்து அதை அடையாளம் சொல்வது வழக்கம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உருகிய மெழுகு எங்கே போய்த் தங்குகிறது?

எந்த மெழுகுவர்த்தியிலும் எரிவது கட்டி மெழுகும் அல்ல, உருகிய மெழுகும் அல்ல. உருகியது திரியின் நூலிழைகள் வழியே மேலேறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. ஊதி அணைத்த உடனே எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள்; திரியைத் தொடாமலே சுடர் புகை வழியாகத் தாவி இறங்கிப் பற்றிக்கொள்ளும். ஆகவே சுடருக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் உருகிய மெழுகு தேங்கி நிற்க வேண்டும். தேங்குவதற்கு ஒரு கிண்ணம் வேண்டும்.

தனியாக நிற்கும் மெழுகுவர்த்தி அந்தக் கிண்ணத்தைத் தானே செய்துகொள்கிறது. 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளைஞர்களுக்காக உரையாற்றிய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதை வியந்து விளக்கினார். சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று மெழுகுவர்த்தியின் பக்கங்களை உரசிக்கொண்டு ஏறுகிறது. நடுப்பகுதி உருக, விளிம்பு மட்டும் குளிர்ந்து கெட்டியாக நிற்கிறது. சுடர் எழுப்பும் காற்றே சுடருக்கான கிண்ணத்தையும் காக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். கடற்காற்று வீசும் வேளாங்கண்ணியில் திறந்தவெளியில் ஏற்றிய மெழுகுதிரி ஒரு பக்கமாக வழிந்தோடுவது ஏன் என்பதற்கும் இதுவே விடை. காற்று சுடரைச் சாய்த்ததும் அந்தப் பக்க விளிம்பு உடைந்துவிடுகிறது.

நேர்ச்சை மெழுகுவர்த்திக்கு விளிம்பே வேண்டாம். குவளை பக்கத்துக் காற்றைத் தடுத்துச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. மெழுகு முழுவதும் இளகி, கண்ணாடிச் சுவர் வரை பரவிக் கிண்ணத்தின் வேலையைக் கண்ணாடியிடம் ஒப்படைக்கிறது. இந்த நிலையில் அதை மெழுகுவர்த்தி என்பதைவிட அகல்விளக்கு என்பதே பொருத்தம். எண்ணெய்க்குப் பதில் உருகிய மெழுகு, அவ்வளவே. அதனால்தான் குவளை இல்லாமல் தட்டில் ஏற்றினால் அது பரந்து குட்டையாகிவிடும். குவளை அளவுக்கு மீறி அகலமாக இருந்தாலும் சிக்கல்தான்: மெழுகு மெல்லிய படலமாகப் பரவி, திரிக்கு எரிபொருள் எட்டாமல் சுடர் சீக்கிரமே அணையும். ஒட்டினாற்போல் பொருந்தும் குவளையில் 10 முதல் 15 மணி நேரம் எரியும். அலுமினியக் கிண்ணத்தோடு விற்கும் டீலைட்டும் இதே வழியில்தான் எரிகிறது. மெழுகு குறைவு என்பதால் நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

திரவத்தின் நடுவே திரி எப்படி நிமிர்ந்து நிற்கிறது? நீண்ட மெழுகுவர்த்தியில் கெட்டி மெழுகே திரியைத் தாங்கிப் பிடிக்கும். இங்கே அந்தப் பிடிமானம் கரைந்துபோகிறது. அதனால் திரியின் அடியில் ஒரு சிறு உலோகத் தகட்டைப் பொருத்துகிறார்கள். பல திரிகளின் உள்ளே காகித இழையோ துத்தநாகக் கம்பியோ ஓடும். முன்பு ஈயக் கம்பியும் வைத்தார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலக்கும் என்பதால் 2003-இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. தகட்டின் நடுவிலுள்ள சிறு கழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மெழுகு அந்த மட்டத்துக்கு இறங்கியதும் திரியில் எதுவும் மேலே ஏறாது. அடிக்கண்ணாடியைச் சுடர் தொட்டு விரிசல் விடுமுன் அணைந்துவிடும்.

ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் இதே வேண்டுதலுக்கு நேரெதிரான வழியைத் தேர்ந்தார்கள். ஒல்லியான தேன்மெழுகுத் திரிகளை மணல் நிரப்பிய தட்டில் குத்தி வைக்கிறார்கள். வழிவதை மணல் வாங்கிக்கொள்ளும், குவளையைக் கழுவும் வேலையில்லை. கண்ணாடிக் குவளையிலோ அடியில் ஒட்டிய மிச்சத்தை எடுத்தாக வேண்டும். சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும். குவளை ஆறிய பிறகு சிறிது நேரம் ஃபிரீசரில் வைத்தால் போதும். குளிரில் மெழுகு கண்ணாடியைவிட அதிகம் சுருங்குவதால் தானே கழன்று வரும்.